எவ்விதக் குறையுமின்றி

விண்ணப்பம் நிரப்புவது என் பிழைப்பு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில், இளவரசன் அண்ணனின் ஆன்லைன் சென்டரில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் எந்தக் கட்டத்துக்குள் அடங்குவார்கள் என்று பார்த்துவிடுவேன். வகுப்பு என்ன, தமிழ்வழியில் படித்தவரா, முன்னாள் ராணுவத்தினரா, மாற்றுத்திறனாளியா, எந்தச் சலுகையில் எத்தனை வயது தளர்வு. நாலு கேள்வியில் ஒரு ஆளைப் பிரித்து மேய்ந்துவிடலாம். "கஸ்தூரி அக்காகிட்ட ஒருவாட்டி காமிச்சுட்டு அப்புறமா சப்மிட் குடு" என்று திருவண்ணாமலையில் படித்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெருமையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இனி என்னுடைய கட்டம். வயது நாற்பது. கணவர் ராமகிருஷ்ணன் எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோ ஏறினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. மகள் கீர்த்தனா அப்போது இரண்டாம் வகுப்பு, இப்போது பத்தாவது. மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பி நிரப்பிப் போன வருடம் எனக்கும் ஒன்றை நிரப்பினேன். இளநிலை உதவியாளர் தேர்வு. நல்ல மதிப்பெண்ணே வந்துவிட்டது.

சிக்கல் வயதில். என் வகுப்புக்கு உள்ள வரம்பை நான் தாண்டியாகிவிட்டது. ஆதரவற்ற விதவை என்றால் மட்டும் இன்னும் கொஞ்சம் தளர்வு உண்டு, பெண்களுக்கான இடங்களில் தனியாக ஒரு ஒதுக்கீடும் உண்டு. ஆக என் வேலை ஒரே ஒரு காகிதத்தில் நின்றது. கோட்டாட்சியர் கையெழுத்திட்ட 'ஆதரவற்ற விதவை' சான்றிதழை இருபத்தெட்டாம் தேதிக்குள் பதிவேற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அந்த மதிப்பெண்ணை நான் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். விதவை என்பதற்கு இறப்புச் சான்றிதழ் இருந்தது. ஆதரவற்றவள் என்பதற்குத்தான் சாட்சி தேட வேண்டியிருந்தது.

இதிலும் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. தேரடித் தெரு பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன், புதிதாகக் கல்யாணம் ஆனவன், மத்திய அரசு வங்கி வேலைக்குப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவில் விண்ணப்பிக்க வந்தான். கார் சாவியை என் கீபோர்டு மேல் வைத்தான். லாட்ஜ் அம்மா பேரில், நிலம் தாத்தா பேரில், அவன் பேரில் நலிவு மட்டும். "இந்தக் கோட்டாவாலதாங்க்கா நாடு உருப்படாம போச்சு" என்றான். அந்தப் பக்கத்தில் 'ஒதுக்கீடு கோருகிறீர்களா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்திவிட்டு நிமிர்ந்தேன். என் விஷயம் இளவரசன் அண்ணன் மூலம் அவன் காதுக்கும் போயிருந்தது. "உங்களுக்கு என்னக்கா, விதவைக் கோட்டா. கொடுத்துவெச்சவங்க" என்றான்.

"உங்க சம்சாரத்துக்கும் கிடைக்கும் தம்பி. நீங்க மனசு வெச்சா போதும்" என்றேன்.

அவன் பிரிண்ட் கூட வாங்காமல் போனான். இளவரசன் அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

என் மனு கிராம நிர்வாக அலுவலர் பாலாஜியின் விசாரணைக்குப் போனது. நானும் மகளும் போளூர் ரோட்டில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாலும் எங்கள் பெயர் இன்னும் மாமனாரின் குடும்ப அட்டையில்தான் இருந்தது. அதனால் விசாரணை அவர் ஊரில், அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டிய வீட்டில். எங்கள் பெயருக்கு வரும் ரேஷன் அரிசியையும் அவர்களே வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆதரவு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது எங்களிடமிருந்து அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாமனார் ஆதிமூலம் ஊரில் பெரிய மனிதர். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற நிலம், இரண்டு கிணறு. மாமியார் இல்லை. இளைய மகன் அருண்பிரசாத்தும் அவன் மனைவியும் கூட இருக்கிறார்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்ற வருகிறவர்களுக்கு வீட்டு வாசலில் அன்னதானம் போடுவார். தக்காளி சாதம், தயிர் சாதம், சில மாதம் கேசரி கூட. மகன் போன பிறகு எனக்கு ஒரு படி அரிசி வந்ததில்லை. அதற்கு நான் ஆந்திராவிலிருந்து பஸ் பிடித்து மலை சுற்ற வந்திருக்க வேண்டும்.

பாலாஜி ஒரு நாள் மதியம் சென்டருக்கே வந்து ஒரு நகலை என் முன்னால் வைத்தார். "நான் இன்னாக்கா பண்றது? உக்கார வெச்சு காபி குடுத்து, அவரே பேனா எடுத்து எழுதிக் குடுத்துட்டாரு. பக்கத்து வீட்டுக்காரங்க நாலு பேரு சாட்சிக் கையெழுத்து வேற."

மாமனாரின் கையெழுத்து எனக்குத் தெரியும். பெரிய பெரிய எழுத்து. "எனது மூத்த மருமகள் கஸ்தூரியையும் பேத்தியையும் எனது மகன் காலமான நாள் முதல் இன்றுவரை எவ்விதக் குறையுமின்றிப் பராமரித்து வருகிறேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்." கீழே நாலு கையெழுத்து. நாலு பேரையும் எனக்குத் தெரியும். நாலு பேருக்கும் என்னையும் தெரியும்.

மனு தள்ளுபடி. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மேல்மனு போட்டால் வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து மறுவிசாரணை செய்வார் என்று பாலாஜி சொன்னார். போட்டேன். இருபத்தி நாலாம் தேதி காலை என்று நாள் குறித்தார்கள். அதற்குள் மாமனாரிடமே கேட்டுவிடலாம் என்று பௌர்ணமி மதியம் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

வாசலில் நீளமான வரிசை. மாமனார் தோளில் துண்டோடு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கரண்டி பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு தொன்னையில் சாதத்தை அள்ளி நீட்டினார். "வாம்மா, சூடா கீது. சாப்ட்டுட்டுப் போ."

"மாமா, நீங்க எழுதிக் குடுத்தது பொய்தானே?"

"மெல்ல பேசு." கரண்டியை விடவில்லை. "ஆயிரம் பேருக்கு சோறு போடறவன் நான். என் வூட்டு மருமவளுக்கு ஆதரவு இல்லன்னு கவருமெண்டே எழுதி சீல் குத்துனா, நான் எப்படி தெருவுல நடப்பேன்? உன் மானம் வேற, என் மானம் வேறயா?"

"சரி மாமா. சர்ட்டிபிகேட்டே வேணாம். மாசா மாசம் எங்களுக்கு ஏதாவது குடுங்க. நீங்க எழுதுனது நெசமாயிடும்."

அவர் யோசித்தார். "அதுக்கு அருணக் கேக்கணும்" என்றார். வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி, "பேசிக்கினே இருந்தா எப்படி, நகருங்க" என்று என்னை இடித்தாள். நான் நகர்ந்தேன். தொன்னை கையிலேயே இருந்தது. பசி வேறு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுத்தான் ஆட்டோ ஏறினேன்.

எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, விண்ணப்பம் நிரப்புகிறவளின் மூளைதான் வேலை செய்யும். மறுநாள் காலை இரண்டு பெட்டி, ஒரு கேஸ் அடுப்பு, கீர்த்தனாவின் புத்தக மூட்டை, கீர்த்தனா எல்லாவற்றையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் இறங்கினேன். கையில் அந்த நகல்.

"எழுதிக் குடுத்திருக்கீங்க மாமா. எவ்விதக் குறையுமின்றின்னு போட்டிருக்கு. அதான் வந்துட்டோம். எங்களுக்கு எந்த ரூம்?"

என் திட்டம் எளிமையானது. இரண்டு நாள் தாங்க மாட்டார்கள். மூன்றாம் நாள் மாமனாரே பேனாவை எடுத்து, "இவளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று எழுதிக் கையில் கொடுத்து, ஆட்டோவும் பிடித்துத் தருவார். அதை ஆய்வாளரிடம் நீட்ட வேண்டியதுதான்.

அன்னதானப் பாத்திரங்கள் வைக்கும் அறையைக் கொடுத்தார்கள். அருண் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான். அவன் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அன்றைக்கே கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டாள். அவள் போனதால் சமையல் என் தலையில் விழுந்தது. மூன்று வேளையும் பொங்கிப் போட்டேன், அருண் பைக் துடைக்கிற துணி வரை துவைத்தேன். பராமரிக்கப்படுவது இவ்வளவு வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாமனார் மட்டும் என் திட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "எம் பெரிய மருமவ, பேத்தி. வூட்டோடதான் கீறாங்க" என்று காட்டினார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட நாலு பேரும் தனித்தனியாக வந்து எட்டிப் பார்த்தார்கள். என் பெட்டியைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. போட்ட பொய்க் கையெழுத்து அவர்கள் பாடுபடாமலேயே உண்மையாகிவிட்டது.

இருபத்தி மூன்றாம் தேதி சாயங்காலம் கீர்த்தனா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "ம்மா, நாளைக்கு ஆர்.ஐ. வந்து பாத்தா நாம இங்கதானே இருப்போம்?"

"ஆமா."

"அப்ப தாத்தா சொன்னது கரெக்ட்னுதானே எழுதுவாங்க?"

நான் கையில் வைத்திருந்த தட்டைக் கீழே வைத்தேன். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் எது போகும் என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் சொந்த விசாரணைக்கு நானே பெட்டி படுக்கையோடு வந்து எதிர்சாட்சியாக உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கிளம்பினாலும் ஊரே பார்த்தாகிவிட்டது. என் முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

வருவாய் ஆய்வாளர் ஆதிலட்சுமி மேடம் காலை பத்து மணிக்கு ஸ்கூட்டியில் வந்தார். காபி வேண்டாம் என்றார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் மனுவின் கோப்பை மடியில் விரித்தார். நாலு சாட்சிகளும் வந்து நின்றார்கள். மாமனார் வெள்ளை வேட்டியில் இருந்தார்.

"பாருங்கம்மா, இதோ கீறா என் மருமவ. எம் பேத்தி. என் வூட்லதான் சாப்புடுறாங்க, என் வூட்லதான் தூங்குறாங்க. இவள போயி ஆதரவு இல்லாதவன்னு எப்படி எழுதுவீங்க?"

மேடம் என்னைப் பார்த்தார். "இங்கதான் இருக்கீங்களா?"

"மூணு நாளா இருக்கேன் மேடம்."

"அதுக்கு முன்ன?"

"போளூர் ரோட்டுல, வாடகைக்கு."

"பேத்தி படிப்புக்காக டவுன்ல வெச்சிருந்தேன்" என்று மாமனார் உடனே குறுக்கிட்டார். "வாடக, பீஸு, அரிசி, பருப்பு எல்லாம் நம்மளுதுதான்." நாலு சாட்சிகளும் தலையாட்டினார்கள். மேடம் பேனாவைத் திறந்தார். என் வேலை அந்தப் பேனா முனையில் போய்க்கொண்டிருந்தது. மறுத்தால் யார் நம்புவார்கள்? பெட்டி உள்ளே இருக்கிறது.

அப்போதுதான் அருண் பேசினான்.

"மேடம், நிறுத்துங்க. அப்பாவுக்கு வயசாயிடுச்சு. நாங்க ஒண்ணுமே குடுக்கல."

மாமனார் திரும்பினார். "டேய்."

"நீ சும்மா இருப்பா. சர்க்கார் பேப்பர்ல நம்ம வூட்ல இருக்காங்க, நாமதான் பாத்துக்கறோம்னு ஏறிடுச்சின்னா, நாளைக்கு இதையே காமிச்சு நிலத்துல பங்கு கேக்க மாட்டாங்களா? வக்கீல் சொல்லிட்டாரு." மேடத்தின் பக்கம் திரும்பினான். "எழுதிக்குங்க மேடம். வாடக ஒரு மாசம் கூட நாங்க குடுத்தது இல்ல."

மேடம் பேனாவைப் பிடித்தபடி கேட்டார். "வேற?"

அருண் ஆரம்பித்தான். அவ்வளவு தெளிவாக அவன் எதையும் பேசி நான் கேட்டதில்லை. ஸ்கூல் பீஸ் கட்டவில்லை. அறுப்புக்கு ஒரு மூட்டை நெல் அனுப்பவில்லை. மல்லாட்டை பிடுங்கினபோது ஒரு படி கூடக் கொடுத்தனுப்பவில்லை. ரேஷன் அரிசியை இவர்களே வாங்கிக்கொள்கிறார்கள். "பாப்பாவுக்கு டெங்கு வந்து பெரியாஸ்பத்திரில பத்து நாள் கெடந்துச்சு மேடம், அப்ப கூட நாங்க எட்டிப் பாக்கல. வயசுக்கு வந்தப்பவும் போவல. பொங்கலுக்கு, தீபாவளிக்கு ஒரு துணி எடுத்துத் தந்தது கெடையாது." கீர்த்தனா என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவள் நெற்றி என் முதுகில் பட்டது.

டெங்கு வந்ததை நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. எப்படித் தெரியும்? எட்டு வருடம் அவர்களுக்கு எங்கள் நிலைமை தெரியாது, தெரிந்தால் வந்திருப்பார்கள் என்று நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். எல்லாம் தெரிந்திருக்கிறது. நாள் கணக்கோடு தெரிந்திருக்கிறது. எனக்கு வேலை கிடைக்கப்போகிறது என்பது அந்த நிமிடமே புரிந்துவிட்டது. இதைவிட நல்ல சாட்சி எனக்கு எந்த ஜென்மத்திலும் வாய்க்காது. ஆனாலும் அவன் வாயைப் பொத்தினால் தேவலை என்றிருந்தது. நாலு சாட்சிகளில் இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள்.

மேடம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, வாசித்துக் காட்டினார். பிறகு மாமனாரைக் கேட்டார். "உங்க மகன் சொன்னது நெசமா ஐயா? நெசம்னா கையெழுத்து போடுங்க. பொய்னா, நீங்க குடுத்ததுக்கு ஏதாவது ரசீது காமிங்க."

மாமனார் அருணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு, "அந்தத் துணி சமாச்சாரத்த மட்டும் எடுத்துடுங்கம்மா" என்றார்.

"எத?"

"தீபாவளிக்கி துணி எடுக்கலன்னு எழுதிக்கீறீங்களே, அத. ஒரு வருசம் எடுத்தேன். பெரியவன் செத்து ரெண்டாவது தீபாவளிக்கி."

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு ஜவுளிக்கடைக் கவர். அதிலிருந்து ஒரு ரோஸ் கலர் கவுனை எடுத்தார். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆகிற கவுன். கழுத்துப் பட்டியில் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்திருந்தது.

"குடுத்தீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"பஸ் ஸ்டாண்டு வரிக்கும் எடுத்துக்கினு போனேன். இவன்தான் போன் பண்ணி, நீ போனா அதையே சாக்கா வெச்சு பங்கு கேக்க வந்துடுவாங்கன்னான். திரும்பிட்டேன்."

"குடுக்கலன்னா அது ஆதரவுல வராது ஐயா." மேடத்தின் குரல் கடுமையாக இல்லை. விதியைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அந்த வரிய எடுக்கணுமா? எடுத்தா, துணி வாங்கிவெச்சாருன்னும் நான் எழுதணும்."

எனக்கு அந்த அலுவலகத்தைத் தெரியும். மேசை மேசையாகக் கோப்பு நகரும்போது யாராவது ஒருவர் அந்தக் கவுனைச் சிவப்பு மையில் வட்டம் போடுவார். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். விளக்கம் கொடுப்பதற்குள் இருபத்தெட்டு போய்விடும். எட்டு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து எங்களை நினைத்து நடந்த ஒரே காரியம் அது. அதை இல்லை என்று நான் சொல்ல வேண்டும்.

"இருக்கட்டும் மேடம்" என்றேன். "துணி வரல."

மாமனார் பேனாவை வாங்கி, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன். மேடம் தேதியிட்டுக் கோப்பை மூடினார். நாளை மாலைக்குள் சான்றிதழ் ஆன்லைனில் ஏறிவிடும் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார். அருண் உள்ளே போய் எங்கள் பெட்டிகளை அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.

கீர்த்தனா நாற்காலியில் கிடந்த கவுனை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். இடுப்பு வரைக்கும்தான் வந்தது. "கலர் நல்லாதான் இருக்கு தாத்தா" என்றாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஸ்கூட்டியைக் கிளப்பப் போன மேடம் அதைப் பார்த்துவிட்டு, கோப்பைத் திரும்பத் திறப்பதா என்பது போல என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். எனக்கு இருபத்தெட்டாம் தேதி இருந்தது.